கைக்கேற்ற விசைப்பலகை

(பழைய மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசு, ஆனா சாப்பாட்டு மணிக்கு முன்னால முடிச்சுடு" என்பது நம் செயலாளர் எனக்கு இட்ட கட்டளை. ஆகவே பெரிய விஷயம் எதையும் நான் எடுத்துக் கொள்ளவில்லை. உங்கள் எல்லோர் மேஜையிலும் கிடக்கிற, யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது கீ போர்டு. தமிழில் விசைப்பலகை. அதை இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கைக்கும் ஒரு துண்டு கொடுத்து, அதற்குள் ஓடும் மென்பொருளையும் நம் விருப்பப்படி எழுதிக் கொள்ளும் கலையைப் பற்றி.

"அதில் என்ன சார் இருக்கு, எழுத்து எல்லாம் போட்ட இடத்தில்தானே இருக்கு?" என்று தம்பிகள் கேட்கலாம். அந்தப் 'போட்ட இடம்' யார் போட்டது என்று கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1868இல். ரெமிங்டன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1874இல். அந்தப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் போகும். மேல் வரிசை விசையின் நெம்புகோல் கீழ் வரிசை விசைகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டும் அல்லவா? அதனால் வரிசைகளை ஒன்றுக்கொன்று கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். இன்று உங்கள் கணிப்பொறியின் விசைப்பலகையில் நெம்புகோல் எதுவும் கிடையாது. ஆனால் வரிசைகள் மட்டும் இன்றும் கோணலாகத்தான் நிற்கின்றன. காரணம் போய்விட்டது, காரியம் நிற்கிறது.

நம்மில் பாதிப் பேர் கோடை விடுமுறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்கள். "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே" என்று அடித்து அடித்துத் தேய்ந்த விரல்கள் இவை. அப்போது மாஸ்டர் சொல்வார்: "முழங்கையை உடம்போடு ஒட்டி வை, மணிக்கட்டை மடக்காதே." இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பாருங்கள். தோள் அகலமாக இருக்கிறது, பலகை குறுகலாக இருக்கிறது. இரண்டு கையையும் நடுவே கொண்டு வந்தால் மணிக்கட்டு சுண்டு விரல் பக்கமாக ஒடிந்துதான் நிற்கும். வேறு வழியே இல்லை.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான் அல்ல. ஜெர்மனியில் க்ளாக்கன்பெர்க் என்பவர் விசைப்பலகையை இரு பாதியாகப் பிரிக்க வேண்டும் என்று 1926லேயே எழுதினார். 1972இல் க்ரோமர் என்ற பொறியியலாளர், பிரித்துச் சாய்த்து வைத்த பலகையைச் சோதனை செய்து கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தில் லிலியன் மால்ட் என்ற அம்மையாரும் ஸ்டீபன் ஹாப்டே என்பவரும் 1970களில் கிண்ணம் போலக் குழிந்த 'மால்ட்ரான்' பலகையைச் செய்தார்கள். 1992இல் அமெரிக்காவின் கினெசிஸ் அதே வழியில் ஒன்றை விற்றது. 1994இல் மைக்ரோசாஃப்ட் நடுவில் வளைந்த 'நேச்சுரல்' பலகையைக் கொண்டு வந்தபோதுதான் பொதுமக்கள் கண்ணில் இந்த எண்ணம் பட்டது.

இவை அனைத்தும் கம்பெனிகள் செய்து நாம் வாங்கியவை. 2010களில் நிலைமை மாறியது. 'எர்கோடாக்ஸ்' என்ற இரு துண்டுப் பலகையின் வரைபடம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதைப் பார்த்து உலகம் பூராவும் ஆளுக்கொரு பலகை வரைய ஆரம்பித்தார்கள். ஜப்பானில் ஃபூஸ்டான் என்ற புனைபெயர்க்காரர் 2018ஐ ஒட்டி வெளியிட்ட 'கார்னே' பலகையில் மொத்தமே 42 விசைதான். ஒரு கைக்கு 21. நான் செய்ததும் அதுதான். ஏன் செய்தேன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எங்க அக்கா எங்கள் ஊரில் நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். மனு, பத்திரம், மாணவர்களின் ஆய்வேடு எல்லாம் அடித்துக் கொடுப்பார். முப்பது வருஷத் தொழில். தமிழ்99 முறையில் கண்ணை மூடிக் கொண்டு அடிப்பார். 2022இல் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது கை சுண்டு விரலின் மூட்டு உடைந்து, எலும்பு கூடியும் விரல் மடங்கவில்லை. டாக்டர் முடிந்ததை எல்லாம் செய்தார். "மத்த ஒன்பது விரலும் நல்லாத்தானே இருக்கு?" என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். விஷயம் தெரியாதவர்கள்!

தமிழ்99 முறையில் உயிர் எழுத்துகள் எல்லாம் இடது கையில் இருக்கின்றன. மெய் எழுத்துகளில் வ, ங இரண்டைத் தவிர மற்றவை வலது கையில். இதைத் தமிழக அரசு 1999இல் ஏற்றுக் கொண்டது. நல்ல முறை. மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்யும். ஆனால் வலது சுண்டு விரலின் பங்கைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள்: ண, ச, ஞ, ந, ய, ழ. ஆறு எழுத்து. அதோடு என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் மூன்றும் அதன் தலையில். 'நியாயம் செய்ய' என்று அடிக்க வேண்டுமானால் அந்த ஒரு விரல் எத்தனை முறை ஓட வேண்டும்! அக்கா மோதிர விரலை நீட்டி நீட்டி அடித்ததில், இரண்டு மாதத்தில் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்தது. கடையை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. மாமாவின் பென்ஷனில் வீடு நடக்கும், அது ஒரு பிரச்னை இல்லை. ஆனால் அவர் சொன்னது இது: "டேய், மூடுறது பெரிசில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதாண்டா."

இனி பலகைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் காலத்து மின்னணுவியல் மாணவர்களுக்கு 8279 நினைவிருக்கும். மைக்ரோபிராசசர் பேப்பரில் தவறாமல் வருகிற விசைப்பலகைச் சிப். பரீட்சை முடிந்ததும் மறந்து போனோம். அது செய்த வேலைதான் இன்றும் நடக்கிறது.

21 விசைக்கு 21 கம்பி இழுத்தால் கட்டுப்படி ஆகாது. ஆகவே 4 வரிசை, 6 நிரல் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஸ்விட்சை வைக்கிறோம். 10 கம்பியில் 24 இடம் கிடைத்துவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு வரிசையாக உயிர் கொடுத்து, எந்த நிரலில் பதில் வருகிறது என்று பார்க்கும். இதை ஒரு வினாடிக்கு ஆயிரம் முறைக்குக் குறையாமல் செய்யும்.

இதில் ஒரு சிக்கல். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தினால், மின்சாரம் சுற்றிக் கொண்டு போய் நாலாவது மூலையும் அழுத்தப்பட்டது போலக் காட்டும். இல்லாத விசை எழுத்தாக வந்து நிற்பதால் இதற்குப் 'பேய்' என்றே பெயர். இந்தப் பேயை ஓட்ட மந்திரம் வேண்டாம், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு டயோடு போதும். 1 என் 4148. நம் லேபில் டப்பா டப்பாவாக இருந்த அதே டயோடு. 42 விசைக்கு 42. எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். கறுப்புக் கோடு உள்ள பக்கத்தைப் பலகையில் போட்டிருக்கும் குறியோடு பொருத்திவிட்டுப் பற்றவையுங்கள் தம்பிகளே.

அடுத்தது துள்ளல். இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரேயடியாகத் தொட்டு நிற்பதில்லை, சில மில்லி வினாடி துள்ளித் துள்ளித்தான் அடங்கும். மென்பொருள் அதை வடிகட்டாவிட்டால் ஓர் அழுத்தம் இரண்டாக எண்ணப்படும். ஆங்கிலத்தில் இது வெறும் எழுத்துப் பிழை, எல்லோருக்கும் தெரிந்துவிடும். தமிழ்99இல் ஆபத்து அதிகம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும் என்பது அதன் விதி. அடித்தது 'படம்', வந்தது 'பட்டம்'. அடித்தது 'மகள்', வந்தது 'மக்கள்'. இரண்டும் நல்ல தமிழ்ச் சொல்தான், எந்தப் பிழை திருத்தியும் பிடிக்காது. சொத்துப் பத்திரத்தில் 'என் மகள்' என்பது 'என் மக்கள்' என்று ஆனால் வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்! நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் இந்த வடிகட்டும் நேரம் 5 மில்லி வினாடி என்று வைத்திருக்கிறார்கள். ஸ்விட்சுக்கு வயதாகித் துள்ளல் கூடினால், நாமே அந்த எண்ணைக் கூட்டிக் கொள்ளலாம்.

ஸ்விட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான பலகைகளில் ரப்பர் குமிழ்தான் இருக்கும். அடி வரை அமுக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல் ஸ்விட்சில் விசைக்கு விசை தனி ஸ்பிரிங் உண்டு. 1980களில் வந்த செர்ரி எம்.எக்ஸ். வகையில், மொத்தம் 4 மில்லி மீட்டர் ஓட்டத்தில் 2 மில்லி மீட்டர் போனதுமே எழுத்து விழுந்துவிடும். சிவப்பு வகைக்கு 45 கிராம் விசை போதும். ஆகவே அடி வரை குத்த வேண்டியதில்லை. இதைப் பழக நாளாகும், ஆனால் பழகினால் விரலுக்கு மிச்சம்.

இரண்டு பாதியையும் இணைப்பது ஆடியோ கருவிகளில் வரும் நாலு வளையச் செருகிக் கம்பிதான். ஒரு பாதி கணிப்பொறியோடு பேசும், மற்றது தன் விசைகளை இந்தக் கம்பி வழியாகச் சொல்லும். ஓர் எச்சரிக்கை: மின்சாரம் இருக்கும்போது இந்தக் கம்பியைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. செருகி உள்ளே போகும்போது வளையங்கள் வேறு வேறு தொடுமுனைகளை உரசிக் கொண்டு போகும், ஷார்ட் ஆகிவிடும். முதலில் யு.எஸ்.பி.யைக் கழற்று, பிறகு இதைத் தொடு. இதை மனப்பாடமாக வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விசைப்பலகை கணிப்பொறிக்கு அனுப்புவது எழுத்து அல்ல, வெறும் எண். ஏ விசைக்கு 4, பி விசைக்கு 5, இசட் விசைக்கு 29. சதுர அடைப்புக்குறிக்கு 47. தமிழ்99இல் 'ச' உட்கார்ந்திருப்பது இந்த 47ஆம் எண்ணில்தான். 47 வந்தால் 'ச' போடு என்று முடிவு செய்வது கணிப்பொறிக்குள் இருக்கும் மென்பொருள். ஆனால் எந்த விசையை அழுத்தினால் 47 போக வேண்டும் என்று முடிவு செய்வது பலகைக்குள் இருக்கும் மென்பொருள். இதற்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். கடையில் வாங்கும் சாதாரணப் பலகைகளில் அது பூட்டிக் கிடக்கிறது. நாம் செய்த பலகையில் சாவி நம் கையில்.

ஜப்பானியர் ஜுன் வாக்கோ எழுதிய டி.எம்.கே. என்ற ஃபர்ம்வேரிலிருந்து, ஜாக் ஹம்பர்ட் என்பவர் தொடங்கி வளர்த்தது க்யூ.எம்.கே. நாம் படித்த அதே சி மொழி. ஜி.பி.எல். உரிமத்தில் யாரும் எடுத்துத் திருத்தலாம். கம்பி இல்லாமல் புளூடூத்தில் ஓட வேண்டுமானால் 2020இல் தொடங்கிய இசட்.எம்.கே. இருக்கிறது. சி எழுதத் தெரியாதவர்கள் 'வியா', 'வியல்' போன்ற செயலிகளில் திரையில் பார்த்தே விசைகளை மாற்றலாம். இவ்வளவையும் ஓட்டப் பெரிய கம்ப்யூட்டரா வேண்டும்? ஆரம்ப காலப் பலகைகளில் இருந்த சிப்புக்கு நினைவகம் 32 கிலோபைட். 2021இல் வந்த ராஸ்பெரி பை நிறுவனத்தின் ஆர்.பி.2040 சிப்பில் 264 கிலோபைட் ராம். நமக்கு அது தாராளம்.

42 விசையில் எண்களும் குறிகளும் எங்கே போகும் என்ற கேள்வி வரும். அடுக்கு மாடி கட்டுவது போல்தான். கட்டை விரலால் ஒரு விசையைப் பிடித்துக் கொண்டால் அதே விசைகள் முதல் மாடிக்கு ஏறி எண்களாகிவிடும், இன்னொன்றைப் பிடித்தால் இரண்டாம் மாடியில் குறிகள். சாதாரணப் பலகையில் நம் இரண்டு கட்டை விரலும் சேர்ந்து ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டிக் கொண்டிருக்கின்றன. கையிலேயே பலசாலி அவர்கள்தான், அவர்களுக்கு வேலை இல்லை. மெலிந்த சுண்டு விரலுக்கு ஒன்பது வேலை. எந்த ஆபீசிலும் நடக்கிற கதைதான் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள், புரிகிறது.

அக்காவுக்காக நாங்கள் வகுத்த அமைப்பைச் சொல்கிறேன். இடது கட்டை விரலுக்கு ஸ்பேஸ், என்டர், மாடி ஏறும் விசை. வலது கட்டை விரலுக்கு ய, ந, பேக்ஸ்பேஸ். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இருந்த இரண்டு இடத்தைக் காலி செய்து மாடிக்கு அனுப்பிவிட்டு, அங்கே ச, ண இரண்டையும் குடி வைத்தோம். மிச்சம் ழ, ஞ. இவற்றுக்கு இடமே இல்லை. இங்கேதான் 'காம்போ' என்ற வசதி கை கொடுத்தது. இரண்டு விசையை 50 மில்லி வினாடிக்குள் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது ஓர் எண் போகும்.

எந்த இரண்டு விசை? கண்டபடி தேர்ந்தெடுக்க முடியாது. நடு விரலில் ன, மோதிர விரலில் ட இருக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்தால், வேகமாகக் 'கன்னடம்' என்று அடிக்கும்போது வம்பு வரும். ஆகவே ஒரே விரல் அடிக்கும் பக்கத்துப் பக்கத்து விசைகளாகப் பார்த்தோம். ல, ர இரண்டும் ஆள்காட்டி விரலுக்கு உரியவை. 'மலர்' என்று எவ்வளவு வேகமாக அடித்தாலும், ஒரே விரல் 50 மில்லி வினாடிக்குள் இரண்டு விசைக்கும் போய் வர முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விரலை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒன்றாக இறங்கும். அது ழ. அதே போல க, ப நடுவில் அழுத்தினால் ஞ. பிழை வர வழியே இல்லாத இடம் எதுவோ, அங்கே எழுத்தை வைத்தோம்.

முதல் வாரம் ண என்ற எழுத்து மோதிர விரலின் கீழ் இருந்தது. இரண்டாம் வாரம் அக்கா போன் செய்தார். "கொண்டு, வேண்டும், ஆண்டு, எது அடிச்சாலும் ஒரே விரல் கீழே இருந்து மேலே ஓடுதுடா." ட என்பதும் மோதிர விரலில்தானே இருக்கிறது! ண என்பதை நடு விரலுக்கும் ச என்பதை மோதிர விரலுக்கும் மாற்றினோம். இரண்டு வரி மாற்றம், கம்பைல், பலகையில் ஏற்றம். பத்து நிமிஷ வேலை. எந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை இப்படிப் பத்து நிமிஷத்தில் எழுத்தை இடம் மாற்றித் தரும் சொல்லுங்கள்?

ஆங்கிலத்துக்குத் தனி அடுக்கு. அங்கே வலது சுண்டு விரலுக்கு இருப்பது பி என்ற எழுத்து ஒன்றுதான். அதையும் கட்டை விரலுக்குத் தந்துவிட்டோம். தமிழ், ஆங்கிலம் மாறுவதற்கு ஒரு விசை. அதை அழுத்தினால் பலகையும் அடுக்கு மாறும், கணிப்பொறிக்கும் மொழியை மாற்றச் சொல்லிக் கட்டளை போகும். ஆனால் கணிப்பொறி இப்போது எந்த மொழியில் இருக்கிறது என்பது பலகைக்குத் தெரியாது. யாராவது மவுஸால் மொழியை மாற்றிவிட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும். அதற்காக அடுக்கை மட்டும் மாற்றும் விசை ஒன்றும் வைத்தோம்.

இந்தப் பாடம் உங்களுக்கும் பயன்படும். சிலர் ஆங்கிலத்துக்கு ட்வோராக் என்றோ, 2006இல் வந்த கோல்மாக் என்றோ எழுத்து வரிசையைப் பலகைக்குள்ளேயே மாற்றிக் கொள்வார்கள். அதே அடுக்கில் தமிழ்99 அடித்தால் எழுத்தெல்லாம் கலைந்து குப்பையாகும். தமிழுக்கு என்று தனி அடுக்கு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. நடு வரிசை விசைகளைத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட் என்று வைத்துக் கொள்வது இளைஞர்களிடம் பிரபலம். 200 மில்லி வினாடிக்கு மேல் பிடித்தால் அது 'பிடித்தது' என்று கணக்கு. தவறாகக் கணக்கிடாமல் இருக்க, எதிர்க் கை விசையோடு சேர்ந்தால் மட்டுமே அதைப் 'பிடித்தது' என்று எடுத்துக் கொள்ளும் வசதியும் 2025இல் க்யூ.எம்.கே.யில் சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழ்99இல் அ, இ, உ, புள்ளி நான்கும் இடது நடு வரிசையில். அடுத்து வருவது பெரும்பாலும் எதிர்க் கை. இடது விரல் கொஞ்சம் சோம்பி நின்றால் போதும், எழுத்துக்குப் பதில் கட்டளை போய்விடும். ஆகவே தமிழ் அடுக்கில் இந்த வேலையே வேண்டாம். கிரந்த எழுத்துகள், ஆய்தம் போன்றவற்றுக்குத்தான் அங்கே ஷிஃப்ட் தேவை, அதற்குத் தனி விசை போதும். வெளிநாட்டுக்காரர் எழுதிய நல்ல யோசனையை அப்படியே எடுக்காமல் நம் மொழியோடு உரசிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பலகையைப் பிரித்து வைத்தால் மணிக்கட்டின் கோணம் குறைகிறது. இதை அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 'ஸ்பிளிட் கீ போர்டு வாங்கினால் கைவலி குணமாகும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலி வந்தால் டாக்டரிடம் போங்கள். இடையிடையே எழுந்து நடங்கள். இந்தப் பலகை மருந்து அல்ல, காலுக்கேற்ற செருப்பு போன்றது.

அக்காவுக்குப் பழைய வேகத்தில் முக்கால் பங்கு வர ஆறு வாரம் ஆயிற்று. முதல் பத்து நாள் "இது என்னடா, கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு" என்று திட்டினார். அந்த முக்கால் இன்னும் முழுசாகவில்லை. ஆனால் கடை திறந்திருக்கிறது. மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவில், கட்சிக்காரர் கொண்டு வரும் கையெழுத்துப் பிரதியை வைத்துக் கொள்கிறார். கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லையாம். இந்த உபயோகம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

நண்பர்களே, நாம் பொறியாளர்கள். 'செருப்புக்காகக் காலை வெட்டுவதா' என்று நம் ஊரில் கேட்பார்கள். ஆனால் நம் பொருள்கள் பல அப்படித்தான் வந்து சேர்கின்றன. எல்லாக் கைக்கும் ஒரே அளவு, பொருந்தாவிட்டால் கையைப் பழக்கிக் கொள். ஒரு விரல் மடங்காவிட்டால் தொழிலை விட்டுவிடு. உள்ளே இருக்கும் மென்பொருள் திறந்திருந்தால் இந்தக் கதை மாறுகிறது. எங்க அக்காவுக்கு வந்த மாற்றம் எந்தக் கம்பெனிக்கும் லாபம் தராது, ஆகவே எந்தக் கம்பெனியும் அதைச் செய்யாது. வரைபடத்தையும் நிரலையும் முன்பின் தெரியாத யாரோ சிலர் திறந்து வைத்ததால்தான் அது நடந்தது. அந்தக் கடனை நாம் அடைக்கும் வழி, நம் பக்கத்திலிருக்கும் ஒருவருக்கு அதைப் பொருத்திக் கொடுப்பதுதான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கிறேன். இந்தப் பலகைகளை ஆலையில் அச்சிடக் கொடுத்தால் குறைந்தது ஐந்தாகத்தான் தருவார்கள். கார்னே பலகையைத் திருப்பிப் போட்டால் இடது, வலது இரண்டுக்கும் ஒன்றே ஆகும். அக்காவுக்கு இரண்டு போக மூன்று மீதம். அவற்றையும் ஒரு பை டயோடு, ஸ்விட்சுகள், இரண்டு மைக்ரோகன்ட்ரோலர்களையும் நம் துறைத் தலைவரிடம் காலையிலேயே ஒப்படைத்துவிட்டேன். ஒரு பலகை பற்றவைத்துப் பழக. மற்ற இரண்டில் ஒரு முழு விசைப்பலகை செய்யுங்கள்.

ஆனால் உங்களுக்காகச் செய்யாதீர்கள். நம் கல்லூரி அலுவலகத்திலோ உங்கள் வீட்டிலோ தெருவிலோ, நாள் முழுதும் தட்டச்சு செய்து கை ஓய்ந்த ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, எந்த விரல் எங்கே ஓடுகிறது என்று நோட்டில் குறியுங்கள். பிறகு சாலிடரிங் அயர்னைச் சூடு பண்ணுங்கள். அடுத்த சந்திப்பில் இந்த மேடையில் நீங்கள் பேச வேண்டும், நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.